கேம்ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட் கழலவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கை வையுங்கள்

கேம் ஆயில் சீல் கசிகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கேம்ஷாஃப்ட்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. வேலை எதுவானாலும் அது தடைபட்டு நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் உட்கார்ந்திருக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட், நம் பட்டறைகளில் கேம் புல்லி என்று சொல்வது, வர மறுக்கும். ஒன்று போல்ட் அசையாது. அல்லது போல்ட் கைக்கு வந்துவிடும், புல்லி அப்படியே நிற்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த வேலை என் கைக்கு அடிக்கடி வருவதற்கு ஊர் சார்ந்த காரணங்களும் உண்டு. கிரானைட் குவாரிகளுக்குப் போய்வரும் வண்டிகளில் டைமிங் கவரின் உடைந்த மூலை வழியாகக் கல்தூள் புகுந்து, ஆயிலோடு கலந்து, போல்ட் தலையின் பள்ளத்தை அடைத்துவிடுகிறது. மாம்பழப் பருவத்தில் ராப்பகலாக ஓடிவிட்டு மற்ற மாதங்களில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் ஆம்னி வேன்களில் ஐப்பசி மழை துருவைக் கொண்டுவருகிறது. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல இடங்களில் அந்த நீர் கடுமையான உப்பு நீரும்கூட. ரெனோ டஸ்டரின் 1.5 டீசல் போல, டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்பைச் சுழற்றும் எஞ்சின்களில் பம்ப் சீல் கசிந்தால் அந்தத் தண்ணீர் டைமிங் கவருக்குள்தான் தெறிக்கும். அங்கே இருக்கும் இரும்பெல்லாம் பழுப்பேறிவிடும்.

ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரியாமல் சுத்தியை எடுக்காதீர்கள். போல்ட்டா, துருவா, நிலையைப் பூட்டும் பின்னா, டேப்பர் எனும் கூம்புப் பிடியா, செயினின் இழுவையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒன்றுக்குச் சரியான அடி இன்னொன்றில் ஹெட்டை உடைத்துவிடும். எது பிடித்திருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

கழற்றத்தான் வேண்டுமா?

பெல்ட் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் பெரும்பாலான எஞ்சின்களில் கேம் ஸ்ப்ராக்கெட்டைத் தொடவே தேவையில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தினால் பெல்ட் வந்துவிடும். ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் இருக்கும் சீல், பின்பக்கத் தகட்டுக் கவர், கேம்ஷாஃப்ட் ஆகியவற்றில் வேலை இருந்தால்தான் அதைக் கழற்ற வேண்டும். சில எஞ்சின்களில் ஹெட்டைத் தூக்குவதற்குக்கூட ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்தே தூக்கிவிடலாம். ஹெட்டை மேசையில் வைத்துக்கொண்டு கழற்றுவது வண்டிக்குள் தலையை நுழைத்துக் கழற்றுவதைவிடப் பல மடங்கு எளிது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டு), கேம் இரண்டின் டைமிங் புள்ளிகளும் நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். ஆகவே கிராங்க் புள்ளி நேராகி, கேம் புள்ளி எதிர்ப்பக்கம் நின்றால் இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள். கம்பெனி போட்ட புள்ளி இருந்தாலும் வெள்ளை பெயிண்டால் உங்கள் கோட்டையும் போட்டுவையுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். நேராக முன்னால் இருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து ஒன்று.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு கேம் திரும்பினால், திறந்திருக்கும் வால்வு மேலே நிற்கும் பிஸ்டனில் மோதி வளையக்கூடும். அதைத் தவிர்க்கக் கிராங்க்கைப் பின்னோக்கிக் கொஞ்சம் திருப்பி வைப்பது வழக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கால் சுற்று, அதாவது 90 டிகிரி திருப்பினால் நான்கு பிஸ்டன்களும் நடுவில் வந்து நின்றுவிடும். ஆனால் மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ 800 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் அதே 90 டிகிரி ஆபத்தானது. முதல் பிஸ்டன் இறங்கும். ஆனால் இன்னொரு பிஸ்டன் மேல் முனைக்கு 30 டிகிரி பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே 60 டிகிரிதான் சரி. அப்படி நிறுத்தினால் இரண்டு பிஸ்டன்கள் மேல் முனையிலிருந்து 60 டிகிரி தள்ளியும், மூன்றாவது அடியிலும் இருக்கும். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கிராங்க் போல்ட் தலைக்கு ஆறு முகங்கள். ஒரு முகம் அளவு திருப்பினால் 60 டிகிரி. பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நான்கு சிலிண்டரில் பழகிய கை, மூன்று சிலிண்டரிலும் அப்படியே கால் சுற்று திருப்பிவிடும்.

துருநீக்கி எண்ணெய் தெளிக்கும் வேலை வந்தால் பெல்ட்டை முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது. ரப்பர் ஊறி, பல் பெயர்ந்து, நடுச்சாலையில் நிறுத்திவிடும்.

அறிகுறி 1: போல்ட்டைத் திருப்பினால் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து சுற்றுகிறது

இது மாட்டிக்கொண்ட ஸ்ப்ராக்கெட் அல்ல. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காததுதான் காரணம்.

செலவில்லாத வழி, வால்வு கவரைத் திறந்து பார்ப்பது. இரட்டைக் கேம் எஞ்சின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்ட்டின் நடுவே ஸ்பேனர் போடுவதற்கென்றே அறுகோணமாக ஓர் இடம் வார்த்திருப்பார்கள். அதில் திறந்த வாய் ஸ்பேனரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் தளர்த்துங்கள். ஸ்பேனரின் மறுமுனை ஹெட்டின் விளிம்பில் சாய்ந்து அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியம் சட்டென்று சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடம் வால்வு கவர் கேஸ்கெட் உட்காரும் முகமாக இருந்தால் ஆயுளுக்கும் ஆயில் கசியும்.

அறுகோணம் இல்லை என்றால் ஸ்ப்ராக்கெட்டின் ஆரங்களுக்கு இடையே இருக்கும் ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். முக்கால் மீட்டர் நீளமுள்ள பட்டை இரும்பு இரண்டை எடுத்து, ஒன்றின் முனையை இன்னொன்றின் நடுவில் போல்ட் போட்டுக் கவட்டை போலச் செய்து, இரு நுனிகளிலும் ஒரு போல்ட்டைக் குத்தி நிறுத்தினால் போதும். எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். அந்த இரு போல்ட்டுகளும் ஓட்டைகளில் நுழைந்து பிடித்துக்கொள்ளும். பிடியின் வாலை வண்டியின் சட்டத்தில் சாய்த்துவிட்டால் ஒரே ஆள் வேலை செய்யலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பெல்ட்டையே பிடியாக நம்புவது முதலாவது. முழு இழுவையும் பெல்ட்டின் சில பற்களில் விழும். டைமிங் லாக் பின்னைப் பிடியாக்குவது இரண்டாவது. அந்தப் பின் கேமின் நிலையைக் காட்டுவதற்காக இருப்பது, விசையைத் தாங்குவதற்காக அல்ல. அது உடைந்து துண்டு உள்ளே விழுந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும்.

அறிகுறி 2: ஸ்ப்ராக்கெட் கெட்டியாகப் பிடிபட்டிருக்கிறது, போல்ட் அசையவே இல்லை

முதல் சந்தேகம் திசை. பெரும்பாலான போல்ட்டுகள் இடப்பக்கம் திருப்பினால் கழலும். எல்லாமே அப்படியல்ல. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் கேமின் நடுவில் இருக்கும் கன்ட்ரோல் வால்வுக்கு இடது மரை. வழக்கம் போலத் திருப்பினால் மேலும் இறுகும். தெரியாத எஞ்சினில் கை வைக்கும் முன் அந்த எஞ்சினுக்கான பணிமனைக் கையேட்டைப் பாருங்கள்.

திசை சரியென்றால் அடுத்தது கல்தூள். போல்ட் தலையைச் சுற்றியும், அறுகோண ஆலன் அல்லது நட்சத்திர வடிவ டார்க்ஸ் பள்ளமாக இருந்தால் அதன் அடிவரையிலும் கூரான கம்பியால் சுரண்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குவாரி வண்டிகளில் இதைச் செய்ததுமே சாக்கெட் கூடுதலாக இரண்டு, மூன்று மி.மீ. ஆழம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த ஆழம்தான் தலை வழுக்காமல் காப்பாற்றுகிறது.

பிறகு துருநீக்கி எண்ணெய். தெளித்தவுடன் திருப்பாதீர்கள். போல்ட் தலையின் மேல் பித்தளைத் துண்டை வைத்து நேராகச் சில தட்டுகள் மெதுவாகத் தட்டுங்கள். மரைகளுக்கு இடையே இருக்கும் துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். மறுபடி தெளித்து, டீ குடித்துவிட்டு வாருங்கள். இரவு முழுவதும் விட முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது நீள பார், அதாவது பிடியில் மாட்டும் நீளக் குழாய். இங்கே ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் போல்ட்டில் விழுவது ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். சாதாரண 10 மி.மீ. மரை போல்ட்டை இறுக்குவதற்கு 50 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் உடல் பாரத்தை முழுக்கக் குழாயில் போட்டால் போல்ட் கழலாது, முறியும். குழாயை அரை மீட்டரில் நிறுத்துங்கள். ஒரே இழுப்பாக இழுக்காமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பாருங்கள். கொஞ்சம் அசைந்ததும் மறுபடி அரைக்கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். முன்னும் பின்னும் போகும்போது துரு பொடியாகி வெளியேறும்.

இதற்கும் அசையவில்லை என்றால் யாரோ முன்பு மரைப் பசை போட்டு இறுக்கியிருக்கலாம். நீலப் பசை கைக்கருவிக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புப் பசை 250 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் இளகும். சூட்டுக்கு ஹீட் கன் பயன்படுத்துங்கள். கேஸ் தீயை நீட்டாதீர்கள்: பின்னால் ரப்பர் சீல், பக்கத்தில் பிளாஸ்டிக் கவர், மேலே ஆயில். எண்ணெய் தெளித்த இடமானால் அதை முழுக்கத் துடைத்த பிறகுதான் சூடேற்ற வேண்டும். சூடு காட்டிய இடத்தில் பழைய ஆயில் சீலைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

காற்றுத் துப்பாக்கி எனப்படும் இம்பாக்ட் கன் எல்லாருக்கும் பிடித்த கருவி. கேம் போல்ட்டில் அதை நான் பயன்படுத்துவதில்லை. அதன் அதிர்ச்சி நேராகப் போய் விழுவது கேமையும் ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே நிலையில் பூட்டும் டவல் பின்னிலும், கேமைப் பிடித்திருக்கும் பேரிங் மூடிகளிலும்தான். ஓடும்போதே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி எஞ்சின்களில் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி 3: போல்ட் தலை வழுக்குகிறது

வழுக்கத் தொடங்கியதுமே நிறுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். ஆறு முனை சாக்கெட் முகத்தைப் பிடிக்கும்; பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும். ஆலன் பள்ளம் வட்டமாகிவிட்டால் அதைவிட ஓர் அளவு பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியால் தட்டி இறக்கினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். தட்டும்போது கேம் முனையில் அடி விழுகிறது என்பதை மறக்க வேண்டாம். சின்னச் சுத்தி, சின்ன அடி.

அதுவும் முடியவில்லை என்றால் போல்ட் தலையின் மேல் ஒரு நட்டை வைத்து உட்புறம் வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்கின் சூடும் போல்ட்டை இளக்கிக் கொடுக்கும், புதிய தலையும் கிடைக்கும். இது கைதேர்ந்த வெல்டர் செய்ய வேண்டிய வேலை. பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, வெல்டிங்கின் எர்த்தை அந்த போல்ட்டுக்குப் பக்கத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எர்த்தை வண்டியின் மறுகோடியில் கொடுத்தால் மின்சாரம் கேம் பேரிங் வழியாகப் பாயும்.

அறிகுறி 4: போல்ட் வந்துவிட்டது, ஸ்ப்ராக்கெட் மட்டும் கல்லாக நிற்கிறது

அதிகமாக எஞ்சின்கள் பாழாவது இங்கேதான். போல்ட் வந்துவிட்ட தைரியத்தில் பெரிய ஸ்குரூ டிரைவரை ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் கொடுத்து, ஹெட்டில் ஊன்றி நெம்புவார்கள். பல ஸ்ப்ராக்கெட்டுகள் உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூட்டில் இறுக்கிச் செய்தவை. அவை வளையாது, உடையும். ஊன்றிய இடத்தில் அலுமினிய ஹெட் நசுங்கும்.

முதலில் போல்ட்டைச் சில மரைகள் மறுபடி ஏற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் திடீரென்று விடுபட்டால் தெறித்து விழாமல் அது பிடிக்கும். ஸ்ப்ராக்கெட்டைக் கவ்வித் திருகால் இழுக்கும் புல்லரை வைத்தால் அதன் திருகு போல்ட் தலையில் ஊன்றும், கேமின் உள் மரை கெடாது. பிறகு டார்ச் அடித்து ஸ்ப்ராக்கெட்டின் நடுப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள்.

*கேம் முனையில் சின்ன பின்னோ, காடியில் உட்காரும் கீயோ தெரிகிறது. உட்காரும் இடம் நேரானது.* பிடித்திருப்பது துருதான். கேமும் ஸ்ப்ராக்கெட்டும் சேரும் வளையத்தில் எண்ணெய் விடுங்கள். பித்தளை அல்லது செப்பு முனையுள்ள சுத்தியால் ஸ்ப்ராக்கெட்டின் ஆரப் பகுதியில், பற்களில் படாமல், ஒரு தட்டு தட்டி எதிர்ப்புறம் ஒரு தட்டு எனச் சுற்றி வாருங்கள். தட்டுவதன் நோக்கம் அதை வெளியே தள்ளுவதல்ல, துருவை உடைப்பது. சுற்றி வரும்போது ஓசை மாறும். இறுகியிருக்கும்வரை கணீரென்று ஒலிக்கும். விட்டுக்கொடுக்கத் தொடங்கியதும் மந்தமாகும். அந்த வளையத்தைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு எண்ணெயோடு கசிந்து வருவதும் தெரியும். அந்தக் கோடு முழு வட்டமானால் கையாலேயே ஆட்டி இழுத்துவிடலாம்.

கோடு ஒரு பக்கம் மட்டும் வந்தால் புல்லருக்குப் போங்கள். ஸ்ப்ராக்கெட்டில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தால் போல்ட் வகைப் புல்லர்தான் சிறந்தது. இரு பக்கமும் சமமாக இழுக்கும். மரை ஓட்டை இல்லை என்றால் மூன்று கால் புல்லரின் நகங்களை ஆரங்களுக்குப் பின்னால் கொடுங்கள். பற்களின் விளிம்பில் மாட்டவே கூடாது. திருகை இறுக்கிவிட்டு அப்படியே விடுங்கள். ஹீட் கன்னால் ஸ்ப்ராக்கெட்டின் நடுவை மட்டும் சூடாக்குங்கள். 30 மி.மீ. துளையுள்ள இரும்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் துளை 0.03 மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். பார்வைக்கு ஒன்றுமில்லை, துருவின் பிடி தளர அது போதும். கேமும் சேர்ந்து சூடாகிவிட்டால் இந்த லாபம் போய்விடும். அதனால் சூட்டை வேகமாகக் கொடுத்து உடனே புல்லரைக் கால் திருகு ஏற்றுங்கள்.

*பின்னும் இல்லை, கீயும் இல்லை. கேம் முனை கூம்பாகச் சரிகிறது.* இது டேப்பர். பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ இதற்கு நல்ல உதாரணம். இதில் எண்ணெய்க்கும் பெரிய வேலை இல்லை, துருவும் காரணமில்லை. இரண்டு கூம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. மறுபடி ஏற்றிய போல்ட் ஒரு சுற்று மட்டும் தளர்ந்து நிற்கட்டும். பின்பக்கக் கவரில் ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் பித்தளைக் கம்பியைக் கொடுத்து ஸ்ப்ராக்கெட்டின் முதுகில் நறுக்கென்று ஓர் அடி. டேப்பர் சிறிது சிறிதாக வராது. விட்டால் ஒரே நொடியில் 'டப்' என்று விடும்; தளர்த்தி வைத்த போல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். மெதுவான பத்து அடிகளைவிடச் சுருக்கென்ற ஓர் அடிதான் இங்கே பலிக்கும். இந்த வகையில் கேமின் நிலையைச் சொல்ல ஸ்ப்ராக்கெட்டில் கீ கிடையாது. கேமின் மறுமுனையில் உள்ள காடியில் பட்டைத் தகடு வைத்துப் பூட்டித்தான் மறுபடி டைமிங் வைக்க வேண்டும். அந்தத் தகடு கையில் இல்லாதவர்கள் இந்த ஸ்ப்ராக்கெட்டைத் தளர்த்தவே தொடங்கக் கூடாது.

*ஸ்ப்ராக்கெட் தடிமனான டப்பா மாதிரி இருக்கிறது, முகத்தில் சுற்றிச் சின்ன போல்ட்டுகள் தெரிகின்றன.* இது விவிடி யூனிட். உள்ளே ஆயில் அழுத்தத்தால் கேமை முன்பின் திருப்பும் இறக்கைகள் இருக்கின்றன. சுற்றியுள்ள சின்ன போல்ட்டுகளைத் தொடாதீர்கள். அவை யூனிட்டையே பிரித்துவிடும். நடு போல்ட் மட்டும்தான் உங்களுடையது. சுத்தி, நகப் புல்லர், சூடு மூன்றும் இதற்கு ஆகாது. எண்ணெய் விட்டு, இரு கைகளாலும் பிடித்துக் கேமின் அச்சுக்கு நேராக ஆட்டி இழுங்கள். வரவில்லை என்றால் வேலையை நிறுத்தி, அந்த எஞ்சினில் பழகிய மெக்கானிக்கை அழையுங்கள். யூனிட்டின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் அழைக்கத் தயக்கம் வராது.

அறிகுறி 5: பாதி வந்து நிற்கிறது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

இழுப்பதை நிறுத்துங்கள். சாய்ந்த ஸ்ப்ராக்கெட்டை மேலும் இழுத்தால் கேமின் முனையில் கோடு விழும். வந்த பக்கத்தைத் தட்டி மறுபடி உள்ளே தள்ளி, நேராக்கி, அந்த இடைவெளியில் எண்ணெய் விட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றால் டவல் பின் வளைந்திருக்கலாம் அல்லது கீயின் விளிம்பு நசுங்கி மேலெழுந்திருக்கலாம். முன்பு தளர்ந்த போல்ட்டோடு ஓடிய வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். மேலே சொன்ன போல்ட் வகைப் புல்லரைத் தவிர வேறு எதுவும் இங்கே பாதுகாப்பில்லை. கழன்ற பிறகு கீ, பின், ஸ்ப்ராக்கெட் மூன்றையும் மாற்றுங்கள். நசுங்கிய காடியை அரத்தால் தேய்த்து ஒப்பேற்றினால் சில மாதங்களில் டைமிங் நகர்ந்துவிடும்.

அறிகுறி 6: செயின் எஞ்சின், ஸ்ப்ராக்கெட் தளர்ந்துவிட்டது, வெளியே வர வழியில்லை

ஸ்விஃப்ட் 1.3 டீசல், மாருதி கே வரிசை பெட்ரோல், ஹூண்டாய் 1.2 கப்பா இவையெல்லாம் செயின் வண்டிகள். இவற்றில் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் டென்ஷனரின் அழுத்தம்தான். டென்ஷனரின் பிளஞ்சரை உள்ளே தள்ளி, அதற்கென இருக்கும் ஓட்டையில் கம்பியைச் செருகிப் பூட்டுங்கள். சில எஞ்சின்களில் டென்ஷனரையே வெளியிலிருந்து கழற்றிவிடலாம்.

செயினின் எந்தக் கண்ணி ஸ்ப்ராக்கெட்டின் எந்தப் பல்லில் இருந்தது என்று பெயிண்ட் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் டையால் செயினை ஸ்ப்ராக்கெட்டோடு கட்டுங்கள். செயின் உள்ளே நழுவிக் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து விலகினால் முன் கவரையே திறக்க வேண்டிவரும். டைமிங் கவர் திறப்புகளை எல்லாம் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷருக்காக ஆயில் சம்பைக் கழற்ற நேரிடும்.

அறிகுறி 7: போல்ட் முறிந்து பாதி கேமுக்குள் தங்கிவிட்டது

முறிந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நட்டை வெல்டிங் செய்து எடுக்கலாம். உள்ளே போய்விட்டால் நடுப்புள்ளி குத்தி, துளையிட்டு, முறிந்த போல்ட்டைக் கவ்வித் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் போட வேண்டும். கைத் துரப்பணத்தால் இதை முயல வேண்டாம். துளை அரை மி.மீ. விலகினாலும் கேமின் மரை போய்விடும். ஈஸி அவுட் உள்ளே முறிந்தால் அது போல்ட்டைவிடக் கடினமான எஃகு. சாதாரண பிட் அதில் ஏறாது.

தொழில்முறை ஆளுக்குப் போக வேண்டிய இடம் இதுதான். கேமைத் தனியாக எடுத்து, அதாவது பேரிங் மூடிகளை வரிசை எண் குறித்துக்கொண்டு, வெளியிலிருந்து நடுப்பகுதிக்கு என்ற முறையில் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்து, லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. மில்லிங் மெஷினில் கேமைப் பிடித்துச் சரியான நடுவில் துளையிட அவர்களால் முடியும். வண்டியைக் கொண்டுபோவதைவிடக் கேமைத் துணியில் சுற்றி எடுத்துப்போவது மலிவு.

அறிகுறி 8: எல்லாம் மாட்டியாகிவிட்டது, கையால் சுற்றினால் ஓர் இடத்தில் தட்டுகிறது

ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டை மாட்டியதும் கிராங்க்கை ஸ்பேனரால் முழு இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது கட்டாயம். அழுத்தத்தால் வரும் கனம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் மறைந்துவிடும். வால்வு மோதினால் சட்டென்று இரும்பில் இரும்பு முட்டி நிற்கும். முட்டினால் அங்கேயே நிறுத்தி, பின்னோக்கித் திருப்பி, புள்ளிகளை மறுபடி பாருங்கள். டவல் பின் தன் ஓட்டையில் உட்காராமல் ஸ்ப்ராக்கெட் சாய்ந்திருப்பது, பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருப்பது, கிராங்க்கைப் பின்னோக்கித் திருப்பி வைத்ததை மேல் முனைக்குத் திரும்பக் கொண்டுவராதது ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புதிய போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். டிகிரி கணக்கில் திருப்பி இறுக்கச் சொல்லும் போல்ட் என்றால் பழையதை மறுபடி போடவே கூடாது. அது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தும் முட்டுகிறது, அல்லது ஸ்டார்ட் செய்தபின் ஒரு சிலிண்டரில் அழுத்தமே இல்லை என்றால் வால்வு வளைந்திருக்கிறது. ஹெட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நல்ல ஹெட் வேலைப் பட்டறையிடம் ஒப்படையுங்கள். அங்கே கொண்டுபோக வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாத வண்டியில் இரண்டு, மூன்று முறை மிதித்ததும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். பெடல் மரமாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயின் இறக்கத்தை அந்த நிலையில் இறங்கவே கூடாது. தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் கட்டி அனுப்புங்கள்.